88 கட்டையும் அம்மாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த மேட்டர் இது. சொன்னா என் மானம் போகும். பரவாயில்ல, போனா போகட்டும். என்னை மாதிரி இன்னொருத்தர் அசடு வழியாம இருந்தா சரி.

எனக்கு பியானோ ஆசை காலேஜ் காலத்துலயே உண்டு. ஆனா அதுக்கான காசு அப்ப இல்ல. காசு வந்தப்ப இடம் இல்ல. மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல நிஜ பியானோ வைக்கணும்னா ஒண்ணு பீரோவை வெளியில தூக்கிப் போடணும், இல்லேன்னா என்னை. தங்கமணி எதை தேர்ந்தெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். :-)

மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் கடைக்குப் போய் பார்த்தேன். 1842-ல மிஸ்க்வித்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கடை. உள்ள போனாலே ஒரு மரியாதை வந்துடும். விலைப்பட்டியலைப் பார்த்ததும் அந்த மரியாதை இன்னும் ஜாஸ்தி ஆச்சு. கும்பிட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

அப்புறம்தான் தாம்பரத்துல ஒரு நண்பர் மூலமா செகண்ட் ஹேண்ட் ஸ்டேஜ் பியானோ ஒண்ணு மாட்டிச்சு. வித்தவர் மெல்லிசைக் குழுவுல பல வருஷம் கீபோர்டு வாசிச்சவர். "முதுகு வலி சார், இதைத் தூக்கிட்டு அலைய முடியல"ன்னு சொல்லிக் கொடுத்தார். இருபது கிலோவுக்கு மேல இருக்கும். குட்டி யானையில ஏத்தி, கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், சந்தோஷபுரம்னு ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஐயோ"ன்னு கத்திக்கிட்டே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

சரி, அது என்ன ஸ்டேஜ் பியானோ? சாதா கீபோர்டுல 61 கட்டை இருக்கும், அமுக்கினா பிளாஸ்டிக் ஸ்விட்ச் மாதிரி இருக்கும். இதுல நிஜ பியானோ மாதிரி 88 கட்டை. கட்டைக்குள்ள கனம் உண்டு, குட்டி சுத்தியல் ஒண்ணு நகர்ற உணர்வு வரும். மெதுவா தொட்டா மெதுவா பேசும், அடிச்சா அதட்டும். 1700 வாக்குல இத்தாலியில கிறிஸ்டோஃபோரி பியானோவைக் கண்டுபிடிச்சதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அதுக்கு முன்னாடி இருந்த ஹார்ப்சிகார்டுல எப்படி அமுக்கினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். அந்த தொடுகையை மேடைக்கு மேடை தூக்கிட்டுப் போற மாதிரி பண்ணணும்னு ஆளாளுக்கு முட்டி மோதினாங்க. யமஹாவோட சிபி-70 (1976) உள்ள நிஜக் கம்பியே வச்சிருந்தது. 1986-ல ரோலண்டு ஆர்டி-1000 வந்தப்ப கம்பி போயி முழுக்க டிஜிட்டல் ஆயிடுச்சு. என்னுது அந்த வம்சத்துல ரொம்பப் பின்னாடி பிறந்த பேரன்.

வீட்டுக்கு வந்தாச்சு. பிளக்கை மாட்டியாச்சு. அம்மா கட்டைக்கு எல்லாம் குங்குமம் வைக்கப் போனாங்க, தடுத்து மேல ஒரு ஓரத்துல மட்டும் வைக்கச் சொன்னேன். விளக்கெல்லாம் எரியுது. கட்டையை அமுக்கறேன்.

சத்தமே இல்ல.

வால்யூமை ஏத்தறேன், இறக்கறேன், திட்டறேன். அரை மணி நேரம். அப்புறம் பொண்ணு வந்து பின்னாடி சுத்திப் பார்த்துட்டு, "அப்பா, இதுல ஸ்பீக்கர் எங்க இருக்கு?"ன்னா. ஹி ஹி. நிறைய ஸ்டேஜ் பியானோவுல ஸ்பீக்கரே கிடையாது. மேடையில பெரிய ஸ்பீக்கர் இருக்கும்ங்கறதால இதுக்குள்ள வைக்க மாட்டாங்க. பின்னாடி கால் இன்ச் ஜாக் ரெண்டு இருக்கும், அதுல இருந்து கம்பி இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கணும். அன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு சமாளிச்சேன்.

அடுத்த நாள் பெடல் படுத்திச்சு. காலை எடுத்தா ஒலி நீண்டுக்கிட்டே போகுது, மிதிச்சா நிக்குது. தலைகீழ்! பெடல் கம்பெனிக்குக் கம்பெனி உள்ள இருக்கற ஸ்விட்ச் வேற வேற மாதிரி. சில மாடல்கள் ஆன் ஆகும்போது பெடல் எந்த நிலையில இருக்கோ அதை "மிதிக்காத நிலை"ன்னு எடுத்துக்கும். நான் மேல காலை வச்சுக்கிட்டே ஆன் பண்ணியிருக்கேன். ஆஃப் பண்ணி, காலை எடுத்து, திரும்ப ஆன் பண்ணதும் சரியாச்சு.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். இனிமே சொல்லப் போறதுதான் அப்படி இல்ல.

அம்மா நல்லா பாடுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மதுராந்தகத்துல முறையா கத்துக்கிட்டு வர்ணம் வரைக்கும் வந்தவங்க. ஐந்தரைக் கட்டையில நின்னு பாடுவாங்களாம். (தெரியாதவங்களுக்கு: கட்டைன்னா ஆர்மோனியக் கட்டைதான். வெள்ளைக் கட்டை சி-ல ஆரம்பிச்சா 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவுல வர்ற கறுப்பு எல்லாம் அரைக் கட்டை. ஐந்தரைன்னா ஜி ஷார்ப். நம்ம ஊர்ல ஸ்ருதி கணக்கே இந்தப் பொட்டியை வச்சுத்தான். ஆனா பாருங்க, அகில இந்திய வானொலி 1940-ல இந்த ஆர்மோனியத்துக்கே தடை போட்டது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது.)

கல்யாணத்துக்கு அப்புறம் நவராத்திரி கொலு, சாயங்காலம் விளக்கேத்தும்போது ரெண்டு பாட்டு, அவ்ளோதான். மூணு வருஷம் முன்னாடி தைராய்டு ஆபரேஷன். டாக்டர் முன்கூட்டியே சொல்லிட்டார். சுரப்பியை ஒட்டி ஒரு மெல்லிசு நரம்பு போகும், உச்ச ஸ்தாயிக்குக் குரல் நாணை இழுத்துப் பிடிக்கற தசைக்கு அதுதான் போகுது, அதுல பாதிப்பு வந்தா பேச்சு சரியா இருக்கும், ஆனா மேல பாட முடியாம போகலாம்னு. அம்மா "இந்த வயசுல எனக்கு என்ன கச்சேரியா"ன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கொலுவுல யார் கேட்டாலும் "தொண்டை சரியில்ல"ன்னு சொல்லிடுவாங்க. விளக்கேத்தும்போது மட்டும் தனக்குள்ள முனகிப்பாங்க. எங்க வீட்டுல சாயங்காலம்ங்கறதுக்கு அடையாளமே அந்த முனகல்தான்.

பியானோ வந்து ஒரு வாரம் இருக்கும். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் பாட்டுக்கு டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தேன். அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

"இதுல கமகம் எல்லாம் வராதேடா?"

"வராதும்மா. ஆனா சிக்கில் குருசரண் பாட, அனில் ஸ்ரீநிவாசன் பியானோ வாசிப்பாரே, நீ கேட்டிருக்கல்ல?"

"அது கேட்டேன். அவர் பாட்டோட சண்டை போடாம பக்கத்துலயே நடந்து வருவார்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம் ரொம்ப மெதுவா, "ஒரு அஞ்சு கட்டை குடு பார்ப்போம்."

எனக்கு சந்தோஷம் தாங்கல. ஜி-யைப் பிடிச்சேன். அவங்க தொண்டையைச் செருமிட்டு மோகன கீதத்தை எடுத்தாங்க. பாட்டு கிளாஸ் போன எல்லாரும் பாடற அந்த கீதம்தான். ஆரம்பம் சரியா இருந்தது. மேல் ஸட்ஜத்துக்கு ஏறி, அதுக்கும் மேல ரிஷபத்தைத் தொடற இடத்துல குரல் ரெண்டா பிளந்து காத்து மட்டும் வந்தது. திரும்ப ஒரு தடவை. திரும்ப அதே.

"ஐந்தரையில பாடினவ... அஞ்சுக்கே நிக்கலை. அவ்ளோதான்டா. போயிடுச்சு."

எழுந்து உள்ள போயிட்டாங்க. குக்கரை வச்சாங்க. நானும் "வயசாச்சுல்ல, ஆபரேஷன் வேற"ன்னு மனசுக்குள்ள சமாதானம் பண்ணிக்கிட்டேன். பண்ணிக்கிட்டது தப்பு. அன்னிக்கு ராத்திரியில இருந்து விளக்கேத்தும்போது முனகறதையும் நிறுத்திட்டாங்க. தங்கமணிதான் முதல்ல கவனிச்சாங்க. "அத்தை இப்பல்லாம் பாடறதே இல்லையே, நீங்க என்ன சொன்னீங்க?" நான் ஒண்ணும் சொல்லலையே!

பத்தொன்பது நாள். எண்ணி வச்சிருக்கேன்.

இருபதாவது நாள் ஆபீஸ் ஆணி கம்மியா இருந்தது. போன்ல ட்யூனர் ஆப் ஒண்ணை இறக்கி, சும்மா சோதிக்கலாம்னு நடு ஏ-வை அமுக்கினேன். 440 வரணும். உலகத்துக்கே அதுதான் பொது அளவு. போன் 493.9-னு காட்டுது, கூடவே "பி"ன்னு எழுதுது. ஆப் சரியில்லன்னு இன்னொண்ணை இறக்கினேன். அதுவும் 493.9. ஜி-யை அமுக்கினா ஏ-ன்னு சொல்லுது.

அப்பதான் பேனல்ல ஓரமா எரிஞ்சுக்கிட்டு இருந்த அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தேன். டிரான்ஸ்போஸ். மெனுவுக்குள்ள போனா கூட்டல் 2.

டிரான்ஸ்போஸ்னா, வாசிக்கற விரல் அதே இடத்துல இருக்க, வர்ற ஒலியை மட்டும் மேலயோ கீழயோ நகர்த்தற வசதி. கூட்டல் 2-ன்னா ரெண்டு அரைக் கட்டை, அதாவது முழுசா ஒரு கட்டை மேல. ஆக, அம்மா அஞ்சு கட்டை கேட்டாங்க. நான் ஆறு கட்டை கொடுத்திருக்கேன். ஆபரேஷன் ஆன தொண்டை, மூணு வருஷம் பாடாத தொண்டை, வாலிபத்துல பாடினதை விட உசரமான ஸ்ருதியில தவிச்சிருக்கு. தவிச்சுட்டு, "என் தப்பு"ன்னு எழுந்து போயிருக்கு.

வித்தவருக்கு போன் போட்டேன். "ஐயோ சார், சொல்ல மறந்துட்டேன். எங்க குழு பாடகர் ஒருத்தருக்கு எப்பவும் ஒரு கட்டை தூக்கி வேணும். ஸ்டார்ட்-அப்லயே சேமிச்சு வச்சுட்டேன்." பல மாடல்கள்ல ஆஃப் பண்ணா டிரான்ஸ்போஸ் தானா பூஜ்யத்துக்கு வந்துடும். இதுல சேமிச்சு வச்சதால ஒவ்வொரு தடவையும் கூட்டல் 2-லயே கண் முழிச்சிருக்கு. அவரே ஒரு கதையும் சொன்னார். ஒரு கல்யாண ரிசப்ஷன்ல முந்தின பாட்டுக்குப் போட்ட டிரான்ஸ்போஸை எடுக்க மறந்து அடுத்த பாட்டை ஆரம்பிச்சிருக்கார். கிடார், பேஸ், பாடகி எல்லாம் ஒரு ஸ்ருதி, இவர் மட்டும் வேற. "எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் சார் திரும்பிப் பார்த்தாங்க. என்னை யாரும் பார்க்கல."

அந்த வரி என்னைத் தூங்க விடல.

இருபது நாளுக்கு மேல அந்தப் பெட்டியில வாசிச்சிருக்கேன், எனக்கு ஏன் தெரியல? ஸ்வரங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளி மாறல, எல்லாம் சேர்ந்து நகர்ந்திருக்கு. தனியா வாசிக்கற வரைக்கும் பாட்டு பாட்டாத்தான் கேட்கும். இன்னொருத்தர் கூட சேரும்போதுதான் தப்பு வெளிய வரும். வரும்போது அது மெஷின் தப்பு மாதிரி தெரியாது, சேர்ந்தவங்களோட தப்பு மாதிரித்தான் தெரியும். பழைய ஸ்ருதிப் பெட்டி இருந்திருந்தா உடனே காட்டிக் கொடுத்திருக்கும். அது பேட்டரி ஊத்தி பரண்ல கிடக்கு.

அன்னிக்கே ஃபேக்டரி ரீசெட் பண்ணேன். (அவர் வருஷக்கணக்கா சேமிச்சு வச்சிருந்த செட்டிங் எல்லாம் முதல்ல பென் டிரைவ்ல எடுத்து வச்சுட்டுத்தான். அடுத்தவர் உழைப்பு, சும்மா அழிக்க மனசு வரல.) ரீசெட் முடிஞ்சு ஏ-வை அமுக்கினேன். 440. அப்பாடா.

அம்மாகிட்ட போய் சொன்னேன். நம்பல. "என்னை சமாதானம் பண்ண கதை விடாத." போனைக் காட்டினேன். நம்பரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அப்ப அன்னிக்கு நான் பாடினது ஆறு கட்டையா?" முகத்துல ஒரு சின்ன கர்வம் வந்ததை நான் பார்த்தேன். "ஆறுல மேல் ஸட்ஜம் வரைக்கும் போச்சேடா!"

திரும்ப உக்காந்தோம். இதுக்கப்புறம் எல்லாம் சுபம்னு எழுதினா பொய். அஞ்சு கட்டையிலும் மேல ரிஷபம் நடுங்கத்தான் செஞ்சது. நாலரைக்கு இறங்கினோம். அங்க நின்னது. ஐந்தரையில இருந்து நாலரை. ஒரு கட்டை போனது நிஜம். வயசுக்குப் பாதி, ஆபரேஷனுக்குப் பாதின்னு வச்சுக்கலாம். ஆனா அன்னிக்கு மேல ஏறின ஒரு கட்டை அவங்க கணக்குல சேராது. அதை அவங்க தலையில எழுதினது நானும் என் பெட்டியும்.

இங்க ஒரு வேடிக்கை. நாலரைன்னா எஃப் ஷார்ப், கறுப்புக் கட்டை. அதுல இருந்து வரிசையா கறுப்பை மட்டும் வாசிங்க: ஸ ரி க ப த. மோகனம்! வெள்ளையைத் தொடவே வேண்டாம். எனக்கும் முதல் தடவையா விரல் தப்பாம வந்தது. அதே அஞ்சு கறுப்பை வேற வேற இடத்துல இருந்து ஆரம்பிச்சா மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி எல்லாம் கிடைக்கும். அம்மா "கிரக பேதம்டா இது"ன்னு சொல்லி ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு குழந்தை மாதிரி குதிச்சாங்க.

பியானோவை ரெண்டாப் பிரிக்கற ஸ்ப்ளிட் வசதியில, இடது பக்கம் இழுவையான ஸ்ட்ரிங்ஸ் ஒலியை வச்சு ஸ-ப-ஸ பிடிச்சுக்கிட்டேன், தம்புராவுக்குப் பதிலா. வலது பக்கம் பியானோ. அம்மா கொஞ்சம் பாடிட்டு நிறுத்தினாங்க.

"காந்தாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கே."

"அம்மா, மெஷின்மா இது."

"மெஷினா இருந்தா என்ன? தூக்கலா இருக்கு."

தேடிப் படிச்சேன். பியானோவுல எட்டு ஸ்வர ஸ்தாயியை 12 சம பங்காப் போட்டிருக்காங்க, எந்தக் கட்டையில ஆரம்பிச்சாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு. ஒவ்வொரு அரைக் கட்டையையும் 100 பங்கா வச்சா, பியானோ காந்தாரம் ஸட்ஜத்துல இருந்து 400-ல நிக்கும். ஸ்ருதியோட சுத்தமா இழையற காந்தாரம் 386-ல. 14 பங்கு வித்தியாசம், அரைக் கட்டையில ஏழுல ஒரு பாகம். எனக்கு ஒரு முழுக் கட்டை தப்பே இருபது நாளா தெரியல. அம்மாவுக்கு இது கேட்குது.

மெனுவுல டெம்பரமென்ட்னு ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு தெரியாம தாண்டிப் போயிட்டே இருந்தேன். அதுல ஜஸ்ட் மேஜர், ஆதார ஸ்வரம் எஃப் ஷார்ப்னு வச்சேன். காந்தாரத்தை அமுக்கினேன்.

"ஆங். இப்ப உக்காந்துடுச்சு."

புதுசா (இல்ல பழசா) ஸ்டேஜ் பியானோ வாங்கறவங்களுக்கு அடியேனோட அனுபவக் குறிப்புகள்:

1. ஸ்பீக்கர் உள்ள இருக்கான்னு முதல்லயே பாருங்க. ஹெட்ஃபோன் கூட கால் இன்ச் முனை கேட்கும், அடாப்டர் வாங்கி வைங்க.

2. பெடலை மாட்டி, காலை எடுத்துட்டு, அப்புறம் ஆன் பண்ணுங்க.

3. பழசுன்னா பேக்கப் எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட். டிரான்ஸ்போஸ், ட்யூனிங், ஆக்டேவ் மூணும் பூஜ்யத்துல, 440-ல இருக்கான்னு போன்ல சோதிங்க.

4. ஸ்பீக்கர் எல்லாம் சரியா இருந்தும் சத்தம் வரலன்னா, மிடி மெனுவுல லோக்கல் கன்ட்ரோல் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. கட்டைக்கும் உள்ள இருக்கற ஒலிக்கும் தொடர்பை அறுத்து விட்டுடும் அது.

5. டச் கர்வ்ல லைட், மீடியம், ஹெவின்னு இருக்கும். விரல் வலிக்குதேன்னு விடறதுக்கு முன்னாடி அதை மாத்திப் பாருங்க.

6. நூத்துக்கணக்குல ஒலி இருக்கும். முதல் மாசம் ஒரே ஒரு பியானோ ஒலி போதும். மத்த வசதியை எல்லாம், வீட்டுல யாருக்காவது தேவைப்படறப்ப போய்த் தேடுங்க. அப்பதான் மனசுல நிக்கும்.

ஏழாவதா ஒண்ணு இருக்கு, அது மேனுவல்ல கிடையாது. கூடப் பாடறவங்க தடுமாறினா, அவங்க தொண்டையைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க பேனல்ல எந்த விளக்கு எரியுதுன்னு பாருங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது மணி ஆறரை. வெளிய மேடவாக்கம் ஜங்ஷன் ஹாரன் சத்தம். உள்ள தீப்பெட்டி உரசற சத்தம். அப்புறம் முனகல். பரிசோதிக்க வேண்டிய அவசியமே இல்ல, இருந்தாலும் எழுந்து போய் எஃப் ஷார்ப்பை ஒரு தடவை மெதுவா தொட்டுப் பார்த்தேன்.

நாலரைதான். அச்சு பிசகாம நாலரை. :-)